பெங்களூர்ச் சாலைகளுக்குப் பூச்சூட்டிய கிரும்பிகல் துரை

பெங்களூரைப் பூங்கா நகரம் என்று அழைப்பது வெகு காலமாக உள்ள வழக்கம். தை, மாசியில் இளஞ்சிவப்பு டபேபுயா, பங்குனியில் ஊதா நிற ஜகரண்டா, சித்திரை, வைகாசியில் நெருப்பாய்ச் சிவக்கும் குல்மோகர் என்று இந்நகரின் மரங்கள் முறை வைத்துப் பூப்பதை, இங்கே பிழைக்க வந்த எவரும் கண்டிருப்பார்கள். இந்த முறை தானாக அமைந்துவிடவில்லை. ஒரு சாலை பூத்து ஓயும்போது இன்னொரு சாலை பூக்கத் தொடங்க வேண்டும் என்று கணக்கிட்டு மரம் நடும் வழக்கத்தை இங்கே வேரூன்றச் செய்தவர் ஒரு ஜெர்மானியர். குஸ்டாவ் ஹெர்மன் கிரும்பிகல் என்பது அவர் பெயர். லால்பாக்கை ஒட்டிச் செல்லும் கிரும்பிகல் சாலை அவர் நினைவாகவே அப்பெயர் பெற்றது. அந்தச் சாலை வழியே தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களில் பலருக்கு அது யாருடைய பெயர் என்பது தெரியாது.

தோட்ட வேலையில் தொடக்கம்

கிரும்பிகல் 1865-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் டிரெஸ்டன் நகருக்கு அருகிலுள்ள லோமன் என்ற ஊரில் பிறந்தார். இளமையிலேயே தோட்டத் தொழிலைக் கற்றுக்கொண்டு, அதையே தம் வாழ்க்கைத் தொழிலாக ஏற்றார். 1888-ல், இருபத்திரண்டாம் வயதில், வேலை தேடி இங்கிலாந்து சென்றார். லண்டன் ஹைட் பார்க்கில் மலர்ப் பாத்திகள் அமைக்கும் வேலை கிடைத்தது. பின்னர் உலகப் புகழ் பெற்ற கியூ தாவரவியல் பூங்காவில் சேர்ந்தார்.

கியூ பூங்கா வெறும் பூந்தோட்டம் அல்ல. உலகின் நாலா திசைகளிலிருந்தும் செடிகளும் விதைகளும் அங்கே வந்து குவிந்தன. அங்கிருந்து வேறு நாடுகளுக்கும் போயின. கடல் உப்புக் காற்றில் செடிகள் கருகாமல் இருக்க அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மண்ணோடு வைத்து மூடி அனுப்புவார்கள். மண்ணிலுள்ள ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து, மீண்டும் சொட்டுச் சொட்டாக மண்ணிலேயே விழும். இதனால் மாதக் கணக்கில் தண்ணீர் ஊற்றாமலே செடி உயிரோடு இருக்கும். வார்டு என்ற லண்டன் வைத்தியர் கண்டறிந்த முறை இது. நம் நாட்டில் வேரூன்றிய பயிர்கள் பல இப்படிப் பெட்டியில் கப்பலேறி வந்தவைதாம்.

அபூர்வச் செடி சேகரிக்கும் மோகம் அந்நாளில் ஐரோப்பாவில் உச்சத்தில் இருந்தது. ஸ்னோடிராப் என்று ஒரு பூ உண்டு. பனி உருகும் காலத்தில் தரையோடு தரையாகத் தலை கவிழ்ந்து பூக்கும் சிறு வெள்ளைப் பூ. எல்வெஸ் என்ற ஆங்கிலச் சீமான் 1874-ல் துருக்கிக்குச் சென்று அதில் ஒரு பெரிய வகையைக் கண்டறிந்தார். அவர் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. இதழில் உள்ள பச்சைப் புள்ளி சற்று மாறியிருந்தாலும் அது தனி ரகம் என்று கொண்டாடுவோர் இங்கிலாந்தில் இன்றும் இருக்கிறார்கள். 2022-ல் அப்படிப்பட்ட ஒரே ஒரு கிழங்கு 1,800 பவுண்டுக்கு மேல் விலை போயிற்று. அந்தப் பூ பெங்களூரில் பூக்காது. அதன் கிழங்குக்குப் பல வாரங்கள் கடுங்குளிர் வேண்டும். நம் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது.

செடி சேகரிக்கும் அந்த உலகத்தில்தான் கிரும்பிகலும் தொழில் பழகினார். ஆனால் அவருக்கு வாய்த்த வழி வேறு. எல்வெஸ் போன்றோர் சொந்தப் பணத்தில் சொந்தத் தோட்டத்தை நிரப்பினார்கள். கிரும்பிகல் சம்பளத்துக்கு வேலை செய்தவர். அவர் சேகரித்தவை அவருக்குச் சொந்தமாகவில்லை, ஊருக்குச் சொந்தமாயின.

பரோடாவிலிருந்து பெங்களூருக்கு

1893-ல் பரோடா சமஸ்தானத்துத் தோட்டங்களைக் கவனிக்கும் பொறுப்பேற்று அவர் இந்தியா வந்தார். அப்போது பரோடாவை ஆண்டவர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட். பல ஆண்டுகள் அங்கே பணியாற்றியபின், 1908-ல், மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில், லால்பாக்கின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

லால்பாக் அதற்கு முன்பே பெயர் பெற்றிருந்தது. 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் அது. அவர் மகன் திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து செடிகளைத் தருவித்து அதை விரிவாக்கினார். 1856-ல் அது அரசாங்கத் தாவரவியல் பூங்கா ஆயிற்று. கிரும்பிகலுக்கு முன் 1874 முதல் அதை நிர்வகித்தவர் ஜான் கேமரூன். கண்ணாடி மாளிகைக்கு 1889-ல் அடிக்கல் நாட்டப்பட்டது அவர் காலத்தில்தான். சௌசௌ என்ற காயை இங்கே பயிராக்கிப் பரப்பியவரும் அவரே என்பார்கள். தமிழ்நாட்டில் நம் தாய்மார்கள் அதைப் பெங்களூர்க் கத்தரிக்காய் என்று சொல்வதிலிருந்தே அது எங்கிருந்து பரவியது என்பது விளங்கும். எங்கோ அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த காய், ஒரு பூங்காவின் முயற்சியால் ஏழை வீட்டுக் கூட்டில் சேர்ந்துவிட்டது.

கேமரூன் தொடங்கியதைக் கிரும்பிகல் பல மடங்கு பெருக்கினார். வெளிநாட்டுப் பூங்காக்களோடு கடிதத் தொடர்பு வைத்து, விதைக்கு விதை மாற்றிக்கொண்டார். மாட்டுத் தீவனத்துக்கு ரோட்ஸ் புல், எண்ணெய்க்கு ரஷ்யச் சூரியகாந்தி, சோயா மொச்சை, அமெரிக்க மக்காச்சோளம் ஆகியவை அவர் வரவழைத்தவற்றில் சில. இங்கிருந்து நெல், மா, பருத்தி வகைகள் வெளிநாடு சென்றன. பூவை மட்டும் விரும்பியவராக இருந்தால் புல்லையும் சோளத்தையும் தேடியிருக்க மாட்டார். குடியானவனுக்கு எது பயன்படும் என்ற கேள்வியும் அவர் மனத்தில் இருந்தது.

வெளியூர்ச் செடி வந்தவுடன் அதைத் தரையில் நட்டுவிட முடியாது. முதலில் தொட்டியில், நிழலில் வைக்க வேண்டும். சிறுகச் சிறுக வெயில் பழக்க வேண்டும். ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் அது தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பலவற்றில் சிலவே தேறும். பெங்களூர் மூவாயிரம் அடி உயரத்தில் இருப்பதால், வெப்ப நாட்டுச் செடிக்கும் மித வெப்ப நாட்டுச் செடிக்கும் ஓரளவு இடம் கொடுக்கும். இந்த நல்வாய்ப்பை நன்கு பயன்படுத்திக்கொண்டவர் கிரும்பிகல்.

மரத்துக்கும் ஒரு நாட்காட்டி

சாலை மரங்கள் விஷயத்தில் அவர் கண்ட வழி எளிமையானது. ஒரே சாலையில் பல வகையைக் கலந்து நட்டால், எப்போதும் ஒன்றிரண்டு மரங்கள்தான் பூத்திருக்கும், கண்ணுக்கு எடுபடாது. ஒரு சாலைக்கு ஒரு வகை என்று வைத்தால், அது பூக்கும் மாதத்தில் சாலை முழுவதும் ஒரே நிறமாகிவிடும். எந்த வகை எந்த மாதம் பூக்கும் என்று தெரிந்து சாலைகளுக்குப் பகிர்ந்து கொடுத்தால், ஆண்டின் பெரும்பகுதியில் ஊரில் ஏதாவது ஒரு பக்கம் பூத்துக்கொண்டேயிருக்கும். ஜகரண்டா தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. குல்மோகர் மடகாஸ்கர் தீவைச் சேர்ந்தது. அவை அவருக்கு முன்பே இந்தியாவுக்கு வந்தவைதாம். அவற்றைக் காலக் கணக்கோடு நடும் எண்ணமே அவருடையது. இதைக் காண நுழைவுச் சீட்டு வேண்டாம். கூலி வேலைக்குப் போகிறவரும் நிமிர்ந்து பார்த்தால் போதும்.

1912-ல் மைசூர் தோட்டக்கலைச் சங்கம் அமைந்ததிலும் அவர் பங்கு பெரிது. குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டிக் கண்ணாடி மாளிகையில் நடக்கும் மலர்க் கண்காட்சிக்கு, அல்சூரிலிருந்தும் ஸ்ரீராம்புரத்திலிருந்தும் குழந்தை குட்டிகளோடு போய்வரும் நம் மக்கள், இச்சங்கத்தையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துரைமார் திட்டம் போட்டாலும் மண் வெட்டி, பாத்தி கட்டி, நீர் பாய்ச்சியவர்கள் இவ்வூர்த் தோட்டத் தொழிலாளர்கள். பரம்பரையாகத் தோட்டத் தொழில் செய்துவந்த திகளர் சமூகத்தார் தமிழ் வேர் கொண்டவர்கள் என்பதும், ஆண்டுதோறும் கரக விழாவை நடத்துகிறவர்கள் அவர்களே என்பதும் பெங்களூர்த் தமிழர் அறிந்ததே. 

போரும் முதுமையும்

1932-ல் கிரும்பிகல் லால்பாக் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். அவருக்குப்பின் அப்பொறுப்பை ஏற்றவர் இந்தியரான ஜவராயா. ஓய்வு பெற்ற பிறகும் கிரும்பிகல் தாய்நாடு திரும்பவில்லை. தோட்டம் அமைப்பது, நகர் அமைப்பது ஆகியவற்றில் அவரிடம் யோசனை கேட்டு வந்தார்கள். திவான் சர் மிர்சா இஸ்மாயில் காலத்தில் கிருஷ்ணராஜசாகர் அணையடியில் உருவான பிருந்தாவனத் தோட்டத்திலும் அவருடைய பங்கு உண்டு.

1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த ஜெர்மானியர் எதிரி நாட்டவர் ஆனார்கள். எழுபது வயதைக் கடந்திருந்த கிரும்பிகலும் காவலில் வைக்கப்பட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த நாட்டில் உழைத்தவரைப் பிறந்த இடம் ஒன்றே குற்றவாளி ஆக்கிற்று. அவர் நட்ட மரங்களுக்கு அப்படி ஒரு சோதனை வரவில்லை. மடகாஸ்கர் மரம் பெங்களூர் மரமாகி நெடுநாளாகியிருந்தது.

போர் முடிந்தது, நாடு விடுதலை பெற்றது. அப்போதும் அவர் இங்கேயே இருந்தார். 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், தொண்ணூறாம் வயதில், பெங்களூரிலேயே காலமானார். ஓசூர் சாலையில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

லால்பாக்கில் அவர் பெயரைத் தாங்கிய கிரும்பிகல் மண்டபத்தின் ஒரு பகுதி 2017-ல் மழையில் இடிந்து விழுந்தது. கட்டடத்தை மீண்டும் கட்டிவிடலாம். மரத்தின் கதை அப்படியல்ல. சாலையை அகலப்படுத்தவும் மெட்ரோ ரயில் பாதைக்கும் பெங்களூரில் பல வரிசை மரங்கள் வெட்டப்பட்டுள்ளன. ஒன்றுக்குப் பத்து நடுவோம் என்று சொல்வது எளிது. எதை, எங்கே, எந்த மாதத்துப் பூவுக்காக நடுவது என்ற கணக்கு இல்லாவிட்டால், மரம் இருக்கும், முறை இருக்காது. நட்ட கன்று சாலைக்கு நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

பிழைக்க வந்த ஊரைத் தம் ஊராகவே எண்ணி உழைத்தவர் கிரும்பிகல். அடுத்த பங்குனியில் சாலையோரம் ஊதாப் பூ உதிர்ந்து கிடக்கக் கண்டால், வேலைக்குப் போகும் அவசரத்திலும் அவர் பெயரை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.