அண்ணா அச்சிட்ட முதல் கட்டுரை

எழுத்துப் பயிலரங்கு ஒன்று நடத்தணும்னு நம் கல்லூரித் தம்பிகள் கேட்டதும் எனக்கு நம்ம ஊர் அண்ணாதான் நினைவுக்கு வந்தார்.

1909-இல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பக் கஷ்டத்தில் படிப்பை நிறுத்தி நகராட்சியில் கொஞ்ச நாள் எழுத்தர் வேலை. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. 1934-இல் முதல் சிறுகதை ஆனந்த விகடனில் வந்தது.

1942-இல் காஞ்சியிலேயே 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். அந்த வருஷமே திருவாரூரிலிருந்து 'இளமைப்பலி' என்று ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் யார்னே தெரியாது. ஆனாலும் அச்சிட்டார். பின்னர் திருவாரூர் போனபோது ஆளனுப்பிக் கூப்பிட்டார். வந்து நின்றது பள்ளிக்கூடப் பையன்! முதலில் படிப்பைப் பார் என்று புத்தி சொன்னார். பையன் கேட்டால்தானே? அவர்தான் கலைஞர் கருணாநிதி.

1967-இல் முதலமைச்சர். 1968-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அழைத்து, அங்கே மாணவர்களோடு உரையாடினார். 1969 பிப்ரவரி 3-இல் மறைந்தார்.

மாணவனாக இருந்தப்போ நானும் ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்பினேன். பதிலே வரலை. அதோடு விட்டேன், இப்போ எழுதுவதெல்லாம் டெண்டரும் எஸ்டிமேட்டும்தான். தம்பிகளின் கதைகளைப் படித்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுத, என் பெயரைச் சங்கத்தில் கொடுத்துவிட்டேன்.