சுரங்கக் காற்றை அறிந்தவர்

மாணவர்களே, உங்களுள் பலருடைய பாட்டனாரோ பூட்டனாரோ நந்திதுர்க் சுரங்கத்தில் பணிபுரிந்திருக்கக்கூடும். வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிக் கோலாருக்கு வந்த அம்மக்கள், கூண்டில் ஏறிப் பூமியின் ஆழத்திற்கு இறங்கினர். அங்கே பாறைச் சரிவுக்கு மட்டுமன்றிக் கெட்ட காற்றுக்கும் அஞ்ச வேண்டியிருந்தது. வெடி வைத்தபின் எழும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது சுரங்கத் தொழிலாளரைக் கொல்லும் விதத்தை ஆராய்ந்து தெளிவுபடுத்தியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

இவர் 1860இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். மருத்துவம் பயின்று, ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்தார். 1896இல் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கமொன்றில் வெடிவிபத்து நேர்ந்தபோது, நேரில் சென்று இறந்தோரின் உடல்களை ஆராய்ந்தார். பெரும்பாலோர் தீயினாலோ அதிர்ச்சியினாலோ மாளவில்லை. வெடிப்புக்குப்பின் பரவிய நச்சுவாயுவே அவர்களைக் கொன்றது எனக் கண்டறிந்தார்.

அவ்வாயு உடலுள் நுழைவது எவ்வாறு? ஓர் அறையில் ஏற்றிய ஊதுவத்தியின் மணம் மெல்ல எங்கும் பரவுகிறதன்றோ? அவ்வாறே, செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கு மூலக்கூறுகள் தாமே பரவுவதை விரவல் என்பர். நுரையீரலின் காற்று நுண்ணறைகளுக்கும் இரத்தத்திற்கும் இடையே, உயிரணுக்களால் ஆகிய மிக மெல்லிய திரை உள்ளது. ஆக்சிஜன் அதனூடே இரத்தத்திற்குள் விரவுகிறது. கார்பன் டை ஆக்சைடு வெளியே விரவுகிறது. இதற்கென உயிரணு ஆற்றல் எதையும் செலவிடுவதில்லை. ஆனால் அத்திரை நண்பனையும் பகைவனையும் பிரித்தறியாது. கார்பன் மோனாக்சைடும் அவ்வழியே புகுந்து, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது.

இதனை அறிய ஹால்டேன் அந்நச்சுவாயு கலந்த காற்றை ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தாமே சுவாசித்துத் தம் இரத்தத்தைச் சோதித்தார். உயிரைப் பணயம் வைத்த செயல் அது. வேகமாக மூச்சுவிடும் சிற்றுயிர்களின் இரத்தத்தை நஞ்சு விரைவில் எட்டுமாதலால், சுண்டெலியையோ சிறு பறவையையோ சுரங்கத்திற்குள் கொண்டுசெல்லுமாறு அறிவுறுத்தினார். கூண்டுப் பறவை தள்ளாடினால் மனிதர் வெளியேறிவிடலாம். மயங்கியவருக்கு ஆக்சிஜனை மிகுதியாக அளித்தால் நஞ்சு விலகும் என்பதும் அவர் காட்டிய வழியே.

பின்னர் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோயையும் ஆராய்ந்தார். கோலாரில் நம்மவருடன் பணிபுரிந்த வெள்ளையருள் பலர் அக்கார்ன்வாலிலிருந்து வந்தவர்களே. பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கினால் மெல்லிய திசு தழும்பேறித் தடிக்கும். ஆக்சிஜன் விரவுவது தடைப்படும். முதிய தொழிலாளர் சிலர் நான்கு படி ஏறியதும் மூச்சு வாங்கி நிற்பதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

இப்பெரியார் ஒரு பிழையும் செய்தார். அதை மறைக்க வேண்டுவதில்லை. காற்று குறைந்த உயரங்களில் நுரையீரல் உயிரணுக்கள் ஆக்சிஜனைத் தாமே முயன்று இரத்தத்திற்குள் செலுத்துகின்றன என நம்பினார். விரவலே போதும் என்பதை டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோ, மேரி குரோ இணையர் சோதனைகளால் காட்டினர். ஹால்டேனோ 1911இல் அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில் ஏறித் தம் கொள்கைக்குச் சான்று தேடினார்; 1936இல் இறக்கும்வரை அதைக் கைவிடவில்லை.

சிறுவயதில் தந்தையுடன் சுரங்கங்களுக்குள் இறங்கிய அவருடைய மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனும் அறிவியலறிஞரானார். அவர் 1957இல் இந்தியாவிற்குக் குடிபெயர்ந்து, இந்நாட்டுக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானார்.