சிறுவர் மேடை கண்ட சுவாமிகள்

தமிழ் நாடக உலகம் தலைமையாசிரியர் எனப் போற்றும் சங்கரதாஸ் சுவாமிகள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867 செப்டம்பர் 7ஆம் நாள் பிறந்தார். தந்தையார் தாமோதரத் தேவர். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்ற இவர், சிலகாலம் உப்பளத்தில் கணக்கராக இருந்து, இருபத்து நான்காம் வயதில் நாடகத் துறை புகுந்தார்.

எமன், இரணியன், இராவணன், சனீசுவரன் ஆகிய வேடங்கள் இவருக்குப் புகழ் தந்தன. சனீசுவரன் கோலத்தில் இவரைக் கண்டு அஞ்சிய கருவுற்ற பெண்ணொருத்திக்குக் கரு சிதைந்ததென்றும், அன்றோடு வேடம் புனைவதை இவர் விட்டாரென்றும் சொல்லப்பட்டு வருகிறது. அதன்பின் அவர் வாழ்வு நூல் யாத்தலிலும் பயிற்றுவித்தலிலும் கழிந்தது. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையின் அன்புக்குரியவராக வாழ்ந்த நாளில் தாள நுட்பங்களில் தேர்ந்தார். அவருடைய பாடல்களில் சந்தம் தடையின்றி ஓடுவதைக் கவிஞர்கள் இன்றும் உணரலாம்.

அக்காலத்து நடிகர்களுட் பலர் பாடத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். மேடையிலேயே உரையாடலை வளர்ப்பர். ஒருவரையொருவர் மடக்கி வாதிடுவர். கதை எங்கோ போய்விடும். எழுதியது எழுதியபடி அரங்கேற வேண்டுமாயின் நடிகரை இளமையிலேயே உருவாக்க வேண்டும் எனச் சுவாமிகள் துணிந்தார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். கிட்டப்பா சகோதரர்கள் பயின்றது அங்கேதான்.

1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. நடிகர் கண்ணுசாமிப் பிள்ளை தம் மக்கள் சங்கரன், முத்துசாமி, சண்முகம் மூவரோடும் அதிற் சேர்ந்தார். சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் சொல் தெளிவாகச் சென்று சேர வேண்டும். ஆதலின் உச்சரிப்பே முதற்பாடமாயிற்று. எழுத்தறியாத பிள்ளைகளும் செவிவழியே செய்யுளை வாங்கிக்கொண்டனர். அச்சிறுவன் சண்முகத்துக்காக, ஒரே இரவில் அபிமன்யு சுந்தரியை முழுநாடகமாகச் சுவாமிகள் எழுதி முடித்தார்.

1921இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. ஓயாது கவி பொழிந்த நா அடங்கிற்று. எழுதிய கையும் ஓய்ந்தது. ஆனால், தாம் இனிச் சொல்ல இயலாத வரிகளை இரவுதோறும் பிள்ளைகள் மேடையில் சொல்லக் கேட்டிருந்தார். 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுவையில் அவர் மறைந்தார்.

அவர் நாடகங்கள் 68 என்பர். கைக்குக் கிட்டியவை அதனிற் குறைவே. ஏடுகள் அழிந்தபோதும் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் சத்தியவான் சாவித்திரியும் நடிகர் நாவில் நிலைத்தன. மதுரை நாடகக் கலைஞர்கள் ஆண்டுதோறும் அவருக்குக் குருபூசை நிகழ்த்தும் மரபு உண்டு. இல்லறம் கொள்ளாத சுவாமிகள் தமக்கென ஒரு வீடும் வைத்தாரல்லர்; தம் தமிழைப் பிள்ளைகளின் நினைவில் வைத்துச் சென்றார். அதனாலேயே அது பிழைத்தது.