பச்சைக் குச்சியைத் தேடியவர்

உருசிய நாட்டில், மாஸ்கோ நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், யாஸ்னயா பொல்யானா என்னும் ஊர் உள்ளது. அங்கே ஒரு பிரபுவின் மாளிகையில் நான்கு ஆண்மக்களும் ஒரு பெண்மகவும் வளர்ந்து வந்தனர். மூத்தவனாகிய நிக்கொலாய் ஒருநாள் தம்பியரிடம் மறைபொருள் ஒன்றைக் கூறினான். மக்கள் அனைவரும் நோயும் பகையும் நீங்கி, ஒருவரையொருவர் நேசித்து வாழும் வழியைத் தான் கண்டறிந்ததாகவும், அதனை ஒரு பச்சைக் குச்சியின்மேல் எழுதிக் காட்டிலுள்ள ஒரு பள்ளத்தின் ஓரத்தில் புதைத்து வைத்திருப்பதாகவும் சொன்னான். தம்பியர் அதனை நம்பினர். அவர்களுள் இளையவன் ஐந்து வயதுச் சிறுவன். அவன் அந்தக் குச்சியைத் தன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. அச்சிறுவனே பின்னாளில் உலகம் போற்றும் எழுத்தாளராக விளங்கிய லியோ டால்ஸ்டாய்.

டால்ஸ்டாய் 1828 ஆம் ஆண்டு பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தாயை இழந்தார். ஒன்பது வயது நிரம்புமுன் தந்தையையும் இழந்தார். உறவினர் அவரை வளர்த்தனர். 1844 இல் கசான் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த அவர், பட்டம் பெறாமலே 1847 இல் ஊர் திரும்பினார். இளமையும் செல்வமும் ஒருங்கே வாய்த்தமையால் குடியும் சூதும் அவரைப் பற்றிக்கொண்டன. நல்லவனாக வாழ விரும்பியபோது நண்பர்கள் அவரை நகைத்தனர். தீயவழியிற் சென்றபோதோ அவர்களே அவரைப் பாராட்டினர். பிறர் மெச்ச வேண்டும் என்று எண்ணி, அவர் தம் உள்ளம் விரும்பாதவற்றையும் செய்தார். எனினும், 1847 முதல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, தம் குற்றங்களை ஒளிக்காமல் அதில் எழுதி வந்தார். உலகத்தை ஏமாற்றினாலும் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ள அவர் விரும்பவில்லை.

1851 இல் அவர் காக்கசு மலைப்பகுதிக்குச் சென்று, பின்னர்ப் படையிற் சேர்ந்தார். கிரிமியப் போரின்போது செவஸ்தபோல் நகரில் நிகழ்ந்த கொடுமைகளை நேரிற் கண்டு, அவற்றை உள்ளவாறே எழுதினார். படையை விட்டு நீங்கிய பின், 1859 இல் தம் ஊரில் உழவர் மக்களுக்கென ஒரு பள்ளியை நிறுவினார். அடியும் தண்டனையும் அப்பள்ளியில் இல்லை. 1862 இல் சோபியா என்னும் நங்கையை மணந்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில், போரும் அமைதியும், அன்னா கரேனினா என்னும் இரு பெருநாவல்களைப் படைத்தார். அவருடைய கையெழுத்துப் படிகளைத் திரும்பத் திரும்பப் படியெடுத்து உதவியவர் சோபியா அம்மையாரே.

புகழ், செல்வம், நிலம், மனைவி, மக்கள் என எல்லாம் நிறைந்திருந்தன. ஆயினும், ஐம்பது வயதை நெருங்கிய காலத்தில் அவர் உள்ளம் பெரிதும் கலங்கியது. இவையனைத்தும் எதற்காக என்னும் வினா அவரை இரவும் பகலும் வாட்டியது. தத்துவ நூல்களை ஆராய்ந்தார், அமைதி கிடைக்கவில்லை. பின்னர்த் தம் வயல்களில் உழைத்த எளிய உழவர்களை உற்று நோக்கினார். துன்பத்தைப் பொறுத்து, தம் உழைப்பால் உண்டு, இறைவனை நம்பி வாழும் அவர்களுக்கு வாழ்வின் பொருள் தெரிந்திருந்தது; கற்ற தமக்கோ அது தெரியவில்லை என்று உணர்ந்தார்.

1882 இல் மாஸ்கோவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. டால்ஸ்டாய் அப்பணியில் விரும்பிச் சேர்ந்து ஏழையர் வாழும் இருண்ட விடுதிகளுக்குச் சென்றார். பசியையும் குளிரையும் கண்டு மீண்டவருக்கு, தம் வீட்டின் விருந்து கசந்தது. பிறர் முதுகின்மேல் ஏறி அமர்ந்துகொண்டு அவர்களுக்காக இரங்குவது உண்மையாகாது என்று தெளிந்தார். அன்றுமுதல் தம் வாழ்வை மாற்ற முனைந்தார். உழவர் உடையை உடுத்தார், ஏர் பிடித்து உழுதார், விறகு பிளந்தார், காலணி தைக்கக் கற்றார். வேட்டையையும் புலாலையும் புகையிலையையும் துறந்தார். 1881 க்குப் பின் தாம் எழுதிய நூல்களை எவரும் விலையின்றி அச்சிடலாம் என 1891 இல் அறிவித்தார். அவ்வாண்டு பஞ்சம் வந்தபோது, சிற்றூர்கள் தோறும் உணவுச் சாலைகளை அமைத்துப் பல்லாயிரவர் பசியைப் போக்கினார்.

உண்மையின் வழி எளிதானதன்று. செல்வத்தைத் துறக்க அவர் விரும்பினார். பிள்ளைகள் பலரைப் பெற்று வளர்த்த சோபியா அம்மையாரோ அவர்களுடைய எதிர்காலத்தை எண்ணி அஞ்சினார். அவ்வச்சமும் நியாயமானதே. வீட்டில் பூசல் மிகுந்தது. 1892 இல் டால்ஸ்டாய் தம் சொத்துகளை மனைவி மக்களுக்குப் பகிர்ந்தளித்தார். எனினும் அதே மாளிகையில்தான் வாழ்ந்து வந்தார். எளிமையைப் போதிப்பவர் மாளிகையில் வாழ்கிறாரே என்று பலர் இகழ்ந்தனர். அவரோ சினங்கொள்ளவில்லை. தம் சொல்லுக்கும் வாழ்வுக்கும் இடையே உள்ள பிளவைத் தாமே ஒப்புக்கொண்டு வருந்தினார்.

அவருடைய எண்ணங்கள் கடல் கடந்தும் சென்றன. தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தியடிகள் அவருடைய நூலைப் படித்து உள்ளம் உருகினார். இருவரும் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். 1910 இல் ஜோகன்னஸ்பர்க் நகரின் அருகே, சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக டால்ஸ்டாய் பண்ணை தோன்றியது. அங்கே வாழ்ந்தவர்களுள் தமிழரும் இருந்தனர். அவர்கள் நிலத்தைத் திருத்தினர். மிதியடி தைக்கவும் கற்றனர்.

அதே 1910 ஆம் ஆண்டு, நவம்பர்த் திங்கள் 10 ஆம் நாள், விடியுமுன் 82 வயது முதியவரான டால்ஸ்டாய் வீட்டைவிட்டு வெளியேறினார். மருத்துவர் ஒருவர் மட்டுமே உடன் சென்றார். வழியில் கடுங்காய்ச்சல் கண்டது. அஸ்தாபவோ என்னும் சிறிய புகைவண்டி நிலையத்தில் இறங்கி, நிலையத் தலைவரின் இல்லத்தில் படுத்தார். அங்கேயே நவம்பர் 20 ஆம் நாள் உயிர் நீத்தார்.

அவர் விரும்பியவாறே யாஸ்னயா பொல்யானாவின் காட்டில், அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் அவரை அடக்கம் செய்தனர். பச்சைக் குச்சி புதைந்திருப்பதாக அண்ணன் கூறிய இடம் அதுவே. அக்கல்லறையின்மேல் சிலுவை இல்லை. பெயர் பொறித்த கல்லும் இல்லை. புல் மூடிய மண்மேடு ஒன்றே உள்ளது.

ஐந்து வயதில் தம் உள்ளம் நம்பிய ஒன்றை விட்டு விலகி, நெடுந்தூரம் அலைந்து, மீண்டும் அதனிடமே திரும்பியவர் டால்ஸ்டாய். அவர் குறையே இல்லாதவர் அல்லர். ஆனால் தம் குறையை மறைத்து வாழ மறுத்தவர். பிறர் மெச்சும் வாழ்வு வேறு. நம் நெஞ்சறிந்த வாழ்வு வேறு. இவ்விரண்டும் மாறுபடும்போது நெஞ்சறிந்த வழியிற் செல்ல முயல்பவரே மெய்யாக வாழ்பவர் ஆவர்.