விண்கல்லில் ஒரு கைரேகைச் சோதனை: சிறில் பொன்னம்பெருமவின் கதை

மருதானையில், பழையவர்கள் இன்றும் டார்லி வீதி என்றே சொல்லும் ரீ.பி. ஜாயா மாவத்தையில் புனித சூசையப்பர் கல்லூரி இருக்கிறது. அங்கு படித்த ஒருவர், பூமிக்கு வெளியே உயிரின் மூலப்பொருட்கள் உண்டு என்பதை உறுதிப்படுத்திய குழுவில் இருந்தார். ஆதர் சி. கிளார்க்கைத் தெரிந்த கொழும்புக்கு அவரை அவ்வளவாகத் தெரியாது. பெயர் சிறில் பொன்னம்பெரும. பெயரைக் கேட்டுத் தமிழரோ என்று நினைக்கத் தோன்றும். அவர் காலியில் பிறந்த சிங்களவர்.

பிறந்தது 1923 ஒக்டோபர் 16. முதலில் காலி புனித அலோசியஸ் கல்லூரி, பிறகு மருதானை. அடுத்து அவர் பெற்றது விஞ்ஞானப் பட்டம் அல்ல. 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பட்டம். உயிர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தத்துவத்துக்கும் உரியதுதான். ஆனால் அதைச் சோதனைக் குழாயில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் இரசாயனவியல் தேவை. லண்டனுக்குப் போய், பேர்க்பெக் கல்லூரியில் படித்து, 1959இல் இரசாயனவியல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 35. உயிரின் தோற்றம் பற்றி ஆழமாக யோசித்த ஜே.டி. பேர்னால் அங்கேதான் இருந்தார். பின்னர் கலிபோர்னியாவின் பேர்க்லியில், 1961இல் நோபல் பரிசு வென்ற மெல்வின் கல்வினிடம் ஆய்வு செய்து 1962இல் கலாநிதியானார்.

அதன் பிறகு நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையம். அங்கு இரசாயனக் கூர்ப்புப் பிரிவுக்கு அவர் தலைவரானார். ஆதிப் பூமியின் வளிமண்டலத்தில் இருந்ததாக அப்போது கருதப்பட்ட மெதேன், அமோனியா, நீர் ஆகியவற்றின் மீது இலத்திரன் கற்றையைச் செலுத்தியபோது அடெனின் உருவானது. டீ.என்.ஏ.யின் எழுத்துகளில் ஒன்று அது. 1963இல் கார்ல் சேகன், ரூத் மரினர் ஆகியோருடன் சேர்ந்து இன்னொரு படி முன்னேறினார். கலங்களுக்குச் சக்தி தரும் ஏ.ரீ.பி. என்ற மூலக்கூறு, உயிரின் உதவியில்லாமலே புறஊதா ஒளியில் உருவாகலாம் என்று அவர்கள் காட்டினார்கள். இங்கே எளிதாக நடப்பது வேறு கிரகங்களில் ஏன் நடக்கக்கூடாது என்ற கேள்வி அதிலிருந்து தானாகவே எழுந்தது.

ஆனால் இந்தத் துறையில் ஏமாறுவது மிக எளிது. 1864இல் பிரான்சில் விழுந்த ஒர்கெய் விண்கல்லில் நுண்ணுயிர்ப் படிமங்கள் கிடைத்ததாக 1961இல் பரபரப்பு எழுந்தது. பிறகு பார்த்தால், அவற்றில் சில பூமித் தாவரங்களின் மகரந்தம். அதே விண்கல்லின் ஒரு துண்டில் யாரோ விதையைச் செருகி ஒட்டி வைத்திருந்ததும் வெளியே வந்தது. நோக்கம் மோசடியாக இல்லாவிட்டாலும், விண்கல்லை ஒருவர் வெறும் விரலால் தொட்டாலே போதும், வியர்வையில் உள்ள அமினோ அமிலம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

1969இல் அப்பலோ 11 கொண்டுவந்த நிலவு மண்ணைச் சோதிப்பதற்காக, அழுக்குப் படாத ஓர் ஆய்வுகூடம் ஏம்ஸில் தயாராக இருந்தது. அந்த மண்ணில் உயிர் தொடர்பாக அவர்கள் தேடியது எதுவும் கிடைக்கவில்லை. இல்லை என்பதை இல்லை என்றே எழுதினார்கள். அப்பலோ 11 திரும்பி வந்து இரண்டு மாதங்களில், செப்டெம்பர் 28ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் முர்ச்சிசன் என்ற ஊரில் விண்கல் விழுந்தது. துண்டுகள் உடனே சேகரிக்கப்பட்டன. நிலவுக்காகத் தயாரான ஆய்வுகூடம் இந்தக் கல்லுக்குப் பயன்பட்டது.

கீத் குவென்வோல்டனை முதல் ஆசிரியராகக் கொண்ட அந்த ஆய்வு 1970 டிசெம்பரில் வெளியானது. கல்லுக்குள் கிளைசீன், அலனைன் போன்ற அமினோ அமிலங்கள் இருந்தன. இவை கைபட்டு வந்தவை அல்ல என்று எப்படிச் சொல்வது? கிளைசீன் நீங்கலாக, புரதங்களைக் கட்டும் எல்லா அமினோ அமிலங்களும் நமது இரண்டு கைகளைப் போலக் கண்ணாடி உருவங்களாக, இடதும் வலதுமாக இருக்கக்கூடியவை. பூமியின் உயிர்கள் புரதம் கட்டுவதற்கு இடக்கை வடிவத்தையே பயன்படுத்துகின்றன. வியர்வையிலிருந்து வந்திருந்தால் இடக்கை மேலோங்கியிருக்கும். முர்ச்சிசன் கல்லில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. பூமியின் புரதங்களில் காணப்படாத அமினோ அமிலங்களும் கூடவே இருந்தன. அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்: உயிரைத் தேடிய குழு, அந்தப் பொருள் உயிரிலிருந்து வரவில்லை என்று நிரூபித்துப் பெயர் பெற்றது.

1971இல் அவர் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களின் ஒரு பரிசோதனை, உயிர் இருப்பது போன்ற சமிக்ஞையைத் தந்தது. உலகமே பரபரப்படைந்திருந்த நேரம். அடுத்த ஆண்டு அவருடைய குழு வெளியிட்ட கட்டுரை, அந்த வாயுக்கள் வெறும் மண் இரசாயனத்தாலும் வரலாம் என்று காட்டியது.

1983 ஆகஸ்டில், முர்ச்சிசன் கல்லில் மரபுப்பொருளின் ஐந்து மூலங்களும் உள்ளன என்று வாஷிங்டனில் அறிவித்தார். கறுப்பு ஜூலை முடிந்து ஒரு மாதம். கொழும்பில் எரிந்த கடைகளின் கரி இன்னும் காயாத நாட்கள். உலகப் பத்திரிகைகளில் இலங்கையின் பெயர் எதற்காக அடிபட்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மறு ஆண்டே அவர் அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளரானார்; 1990 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஆதர் சி. கிளார்க் நிலையத்தையும் தொடக்க ஆண்டுகளில் நடத்தினார். ஜனாதிபதியின் விஞ்ஞான ஆலோசகராகவும் இருந்தார். போர் தீவிரமடைந்த அந்த ஆண்டுகளில், படித்தவர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தபோது, அடிப்படை விஞ்ஞானத்துக்கு ஆட்களைச் சேர்ப்பது எத்தனை கடினம் என்று ஊகிக்கலாம். அந்த நிறுவகம் இன்றும் கண்டி ஹந்தானையில் இயங்குகிறது.

1994 டிசெம்பர் 20ஆம் திகதி அமெரிக்காவில் மாரடைப்பால் காலமானார். பத்து மாதங்கள் கழித்து, 1995 ஒக்டோபரில், நமது சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் முதலாவது கிரகத்தை ஜெனீவா விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இன்று அத்தகைய வெளிக்கிரகங்களின் எண்ணிக்கை 6,000ஐத் தாண்டிவிட்டது. 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி கிரகத்தில் உயிரின் அடையாளமாக இருக்கக்கூடிய வாயு தெரிவதாக 2025 ஏப்ரலில் செய்தி வந்தது. வேறு குழுக்கள் அதே தரவுகளை எடுத்துப் பார்த்து ஐயம் தெரிவித்தன. வைக்கிங் காலத்து விவாதம்தான், இம்முறை பல இலட்சம் மடங்கு தொலைவில்.

முர்ச்சிசன் கல்லும் மறக்கப்படவில்லை. 2022இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இன்னும் நுண்ணிய கருவிகளைக் கொண்டு, ஐந்து மூலங்களையும் அதில் இனங்கண்டார்கள். பெனு என்ற சிறுகோளிலிருந்து நாசா அள்ளி வந்த துகள்களில், புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் 14 இருந்ததாக 2025 ஜனவரியில் தெரியவந்தது. அங்கும் இடக்கை, வலக்கை என்று பிரித்து எண்ணிப் பார்த்தார்கள். ஏறத்தாழச் சமமாகவே இருந்தன.