உழவாரம் ஏந்திய நாவரசர்



நம் கோயில்கள் பலவற்றில் நால்வர் திருவுருவங்கள் வரிசையாய் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அவர்களுள் தலை மழித்து, உருத்திராக்கம் அணிந்து, முதுமை தோன்ற நிற்கும் ஒருவரின் கையில் மட்டும் நீண்ட பிடியுள்ள கருவி ஒன்று இருக்கும். அது வேலன்று, சூலமுமன்று. புல் செதுக்கும் உழவாரம். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கைகளையுடைய நம் தோட்டத்து மக்களுக்கு அக்கருவியின் பயனை எவரும் விளக்க வேண்டியதில்லை. எனினும், மாபெரும் புலவரான ஒருவர் அதனை ஏன் கையில் ஏந்தினார் என்பதை அறிந்தோர் சிலரே. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேரும் வரையில் நானும் அறியாதவனாகவே இருந்தேன்.

அவரே திருநாவுக்கரசர். அப்பர் என்றும் அவரை அழைக்கிறோம். கி.பி. 7ஆம் நூற்றாண்டில், பல்லவர் ஆட்சிக் காலத்தில் வாழ்ந்தவர். அவருடைய வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் விரிவாகப் பாடினார். அந்நூல் கூறும் வழியிலேயே இங்குச் சொல்லுகிறேன்.

திருமுனைப்பாடி நாட்டில் திருவாமூர் என்னும் ஊர். அங்கே வேளாண் குடியில் புகழனார், மாதினியார் என்னும் பெற்றோருக்குத் திலகவதியார் என்ற மகளும், அவருக்குச் சில ஆண்டுகள் பின்னர் மருள்நீக்கியார் என்ற மகனும் பிறந்தனர். திலகவதியார் மணப்பருவம் எய்தியபோது, அரசனின் படைத்தலைவரான கலிப்பகையார்க்கு அவரை மணம் பேசினர். மணநாள் வருமுன் கலிப்பகையார் போர்மேற் செல்ல நேர்ந்தது. அவர் போர்க்களத்தில் இருந்த காலத்திலேயே புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் கணவரைத் தொடர்ந்து உயிர் நீத்தார். பெற்றோரை இழந்த துயரம் ஆறுமுன், போரில் கலிப்பகையாரும் மாண்டார் என்ற செய்தி வந்து சேர்ந்தது.

பேசி முடித்தவரையே கணவராக எண்ணியிருந்த திலகவதியார், தாமும் உயிர்விடத் துணிந்தார். அப்பொழுது சிறுவனாகிய தம்பி அவர் காலடியில் வீழ்ந்து அழுதான். தந்தையும் தாயும் போனபின் தமக்கையே தனக்குத் துணையென்றும், அவரும் போவதாயின் தானே முதலில் உயிர் விடுவதாகவும் கூறிக் கதறினான். தம்பி உயிர் வாழ வேண்டுமென்ற ஒரே காரணத்திற்காகத் திலகவதியார் தம் முடிவை விட்டார். அணிகலன் துறந்து, தவநெறியில் நின்று, தம்பியை வளர்த்தார்.

இவ்விடத்தைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் எனக்குக் குரல் தழுதழுக்கும். என் தமக்கையார் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, அந்தக் கூலியில் என்னைப் படிக்க வைத்தவர். நம் லயங்களில் இத்தகைய திலகவதிகள் எத்தனையோ பேர் இருந்தனர். அவர்களுக்காகப் புராணம் பாட ஒரு சேக்கிழார் இன்னும் வரவில்லை.

மருள்நீக்கியார் வளர்ந்தார். செல்வத்தைக் கொண்டு அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார். ஆயினும் இளமையிலேயே இத்தனை சாவுகளைக் கண்ட உள்ளம் அமைதி கொள்ளவில்லை. நிலையாமையை எண்ணி, உண்மை நெறி எதுவென ஆராயத் தொடங்கினார். அக்காலத்தில் தமிழகத்தில் சமணம் ஓங்கியிருந்தது. கல்வியும் துறவும் தேடுவோர்க்கு அதன் மடங்கள் திறந்திருந்தன. இன்றைய கடலூரின் பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூர் அன்று பாடலிபுத்திரம் என்ற பெயரோடு சமணரின் பெரிய கல்வி நிலையமாய் விளங்கிற்று. அங்குச் சென்று சேர்ந்த மருள்நீக்கியார் அச்சமய நூல்களையெல்லாம் கற்றுத் தெளிந்தார். தருமசேனர் என்ற பட்டமும் தலைமையும் அவரை வந்தடைந்தன. வாதத்தில் அவரை வெல்வார் இல்லை.

இங்கு ஒன்று சொல்லியாக வேண்டும். சேக்கிழார் சைவ அடியார். அவர் சமணரைப் பற்றிக் கடுமையாகவே பாடுகிறார். அதைப் படித்துவிட்டுப் பிற சமயத்தாரை இகழும் எண்ணம் நம் பிள்ளைகளுக்கு வந்துவிடலாகாது. சீவக சிந்தாமணியையும் நாலடியாரையும் நன்னூலையும் தமிழுக்குத் தந்தவர்கள் சமணச் சான்றோர்களே. இளைஞரான மருள்நீக்கியாருக்கு அறிவூட்டியதும் அவர்கள் மடமே. பின்னாளில் அவர் பாடிய பாடல்களில் காணும் சொல்வளத்திற்கும் அவ்விளமைக் கல்வி துணை செய்திருக்கும் என்பதே என் கருத்து.

தம்பி போனபின் திலகவதியார் என் செய்தார்? வாதிடவும் இல்லை, பின்தொடர்ந்து சென்று அழைக்கவும் இல்லை. கெடில ஆற்றங்கரையில் திருவதிகை வீரட்டானம் என்னும் சிவன் கோயில் உண்டு. அங்கே மடம் அமைத்துத் தங்கினார். நாள்தோறும் விடியுமுன் எழுந்து, துடைப்பம் எடுத்துக் கோயிலைப் பெருக்கினார்; சாணத்தால் மெழுகினார்; பூக் கொய்து மாலை தொடுத்தார். தம்பியை மீட்டுத் தர வேண்டுமென்று இறைவனிடம் முறையிட்டார். ஆண்டுகள் கழிந்தன. சூலை நோய் தந்து அவனை ஆட்கொள்வோம் என்று இறைவன் ஒருநாள் கனவில் உணர்த்தியதாகப் புராணம் கூறும்.

அவ்வாறே தருமசேனருக்குக் கொடிய வயிற்றுவலி கண்டது. வயிற்றுக்குள் நெருப்புப் புகுந்தாற்போல் குடல் முறுகித் துடித்தார். மடத்திலிருந்தோர் மந்திரித்த நீரைப் பருகச் செய்தனர், மயிற்பீலியால் தடவினர். வலி கூடிற்றேயன்றிக் குறையவில்லை. தம்மால் ஆவதில்லையென அவர்களும் கைவிட்டனர். இத்தனை நூல் கற்றும், இத்தனை வாதம் வென்றும், அந்த இரவில் அவருக்கு நினைவில் வந்த முகம் தமக்கையின் முகம் ஒன்றுதான்.

சமையற்காரனை இரகசியமாகத் திருவதிகைக்கு அனுப்பினார். தமக்கையார் நந்தவனத்தில் நின்றிருந்தார். செய்தி கேட்ட அவர் மனம் எவ்வளவு பதைத்திருக்கும்! ஆயினும் சமண மடத்திற்குத் தாம் வருவதில்லையெனச் சொல்லியனுப்பிவிட்டார். இம்மறுமொழி கல்நெஞ்சம் போலத் தோன்றலாம். நான் அவ்வாறு கொள்ளவில்லை. தாமே நடந்து வரவேண்டிய வழியைத் தம்பி தாமே நடக்கட்டும் என்று அவர் விட்டுவிட்டதாகவே கொள்கிறேன்.

தருமசேனர் பாயை உதறினார். குண்டிகையையும் மயிற்பீலியையும் ஒழித்தார். வெண்ணிற ஆடை உடுத்து, எவரும் அறியாவண்ணம் இரவோடிரவாகப் புறப்பட்டுத் திருவதிகை சேர்ந்து, தமக்கையின் காலில் வீழ்ந்தார். சிறுவயதில் வீழ்ந்தழுத அதே கால்கள்! திலகவதியார் ஒரு கடுஞ்சொல்லும் கூறவில்லை. விட்டுச் சென்றதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. ஐந்தெழுத்து ஓதித் திருநீறு அளித்தார். பொழுது புலரும் வேளையில் வழக்கம்போல் துடைப்பத்தையும் மெழுகும் சாணத்தையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். தம்பியும் உடன் நடந்தார். இறைவன் திருமுன் நின்று, தம் பிழையையும் வலியையும் மறைக்காது சொல்லிப் பதிகம் ஒன்று பாடினார். அதுவே அவருடைய முதற்பதிகம். நோய் நீங்கிற்று. நாவுக்கரசு என்னும் பெயரும் அன்றே இறைவனால் அருளப்பட்டது என்பர்.

அடுத்து வந்தவை சோதனைகள். சமணம் சார்ந்திருந்த பல்லவ மன்னன் அவரை அழைத்துவர ஆளனுப்பினான். எவர்க்கும் தாம் அடிமையல்லர் என்று அவர் மறுத்தார். சுண்ணாம்புக் காளவாயில் 7 நாள் அடைத்தனர்; வெந்து நீறாகவில்லை. நஞ்சு கலந்த சோறு ஊட்டினர், சாகவில்லை. யானையை ஏவினர், அது வலம் வந்து வணங்கிச் சென்றது. இறுதியில் கல்லொடு பிணித்துக் கடலில் எறிந்தனர். ஐந்தெழுத்தை ஓதிய அவருக்கு அக்கல்லே தெப்பமாகி மிதந்தது. அவர் கரை சேர்ந்த ஊர் எது தெரியுமா? தாம் முன்னர்த் தருமசேனராய் வீற்றிருந்த அதே திருப்பாதிரிப்புலியூர்! மன்னனும் பின்னர் மனம் மாறி வந்து பணிந்தான். அவன் ஏறத்தாழ கி.பி. 600 முதல் 630 வரை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் என்பது அறிஞர் பலர் துணிபு.

அதன்பின் நாவரசர் ஊர் ஊராக நடந்தார். சென்ற கோயில்தோறும் பாடினார். பாடி முடித்ததும் உழவாரத்தை எடுத்தார். திருவீதியிலும் பிராகாரத்திலும் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கித் தூய்மை செய்தார். தமக்கையின் கையில் இருந்த துடைப்பத்தைக் கண்டு வந்த பாடம் இது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சீகாழியில் சிறுவராகிய திருஞானசம்பந்தர் அவரை அப்பரே என்று அழைத்தார். அப்பெயரே இன்றளவும் நிலைத்தது.

திருவீழிமிழலையில் இருவரும் தங்கியிருந்தபோது பஞ்சம் வந்தது. அடியார்களுக்கு உணவளிக்க இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு படிக்காசாக இருவர்க்கும் வைத்தருளினான். இங்கேதான் சேக்கிழார் ஓர் அரிய செய்தியைக் கூறுகிறார். சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைக்காரர்கள் வட்டம் பிடித்தனர். மாற்றுக் குறைந்த காசு அது. அப்பர் பெற்ற காசோ குறையற்றது. கொண்டுபோன உடனே பண்டம் கிடைத்தது. சம்பந்தர் இறைவனுக்குப் பிள்ளை போன்றவர். அப்பரோ கையால் உழைத்துத் தொண்டு செய்தவர். உழைத்தவர்க்கு உரிய கூலி குறைவின்றிக் கிடைத்தது என்பது கருத்து. காசில் குறை இருக்கக் கண்ட சம்பந்தரும் பதிகம் பாடி நற்காசு பெற்றார். எடை போடுமிடத்தில் பால் வாளியைத் தூக்கி வைத்துவிட்டுத் தராசு முள்ளையே பார்த்து நின்ற நம் முன்னோர்க்கு இக்கதையின் சுவை நன்கு விளங்கியிருக்கும்.

திங்களூரில் அப்பூதி அடிகள் என்ற அந்தணர், அப்பரை நேரில் காணாமலே அவர்பால் அன்பு பூண்டு, தம் பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயரையே இட்டிருந்தார். அப்பர் அவ்வூர் வந்த நாளில் விருந்துக்கு வாழையிலை அரியச் சென்ற மூத்த மகனைப் பாம்பு தீண்டிற்று. இலையைத் தாயிடம் சேர்த்துவிட்டுச் சிறுவன் வீழ்ந்தான். விருந்து தடைப்படலாகாதென்று பெற்றோர் மறைத்தனர். மகன் எங்கேயென வினவி உண்மையறிந்த அப்பர், உண்ணாமல் எழுந்து, திருக்கோயில் முன் பாடி அவனை உயிர்ப்பித்தார் என்பது வரலாறு.

திருப்பூந்துருத்தியில் நிகழ்ந்ததையும் விட்டுவிட மனமில்லை. சம்பந்தர் முத்துச் சிவிகையில் வருவதறிந்த அப்பர், கூட்டத்துள் புகுந்து, எவரும் காணாவண்ணம் சிவிகை தாங்குவோருள் ஒருவராய்த் தோள் கொடுத்தார். ஊரை அணுகிய சம்பந்தர், அப்பர் எங்குற்றார் என வினவ, கீழேயிருந்து விடை வந்தது. அவர் பதறிக் குதித்து வணங்கினார். வயதில் மூத்தவர், புகழில் குறையாதவர், சிறுவரைச் சுமந்தார்.

கயிலை காணும் வேட்கையால் முதுமையில் வடதிசை நடந்து, கால் தேய்ந்தபின் கையால் தவழ்ந்து, உடல் தேய்ந்தபின் புரண்டு சென்றார். அங்கே ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார் என்பதும், எதிர்ப்பட்ட விலங்கும் பறவையும் துணையோடு வர அவற்றிலேயே அம்மையப்பரைக் கண்டார் என்பதும் நீங்கள் கேட்டறிந்தவையே. தேவாரத்தில் 4, 5, 6 ஆம் திருமுறைகள் அவருடையவை. 312 பதிகங்கள் நமக்குக் கிடைத்துள்ளன.

இறுதி நாள்களைத் திருப்புகலூரில் கழித்தார். அங்கும் உழவாரப் பணி நிற்கவில்லை. ஒருநாள் அவர் செதுக்கிய மண்ணில் பொன்னும் மணியும் மின்னின. அவற்றைப் பரல்கற்களோடு சேர்த்து உழவாரத்தால் வாரி அருகிலிருந்த குளத்தில் எறிந்துவிட்டு, அடுத்த புல்லைச் செதுக்கத் தொடங்கினார். ஒரு சித்திரைத் திங்கள் சதய நாளில் இறைவன் திருவடி சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை 81 என்பது மரபு. ஆண்டுதோறும் அந்நாளில் அவருக்குக் குருபூசை நடைபெறுகிறது.

திருவதிகைக் கோயிலில் அப்பருக்குச் சந்நிதி உண்டு. திலகவதியாருக்கும் அங்கே சந்நிதி உண்டு.