திடலிலும் ஆசிரியராகவே இருந்த ரஹீம் சாஹிப்

1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் காற்பந்துக் குழு முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. அடுத்த ஆட்டத்தில் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவருக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டது. முதன்மைக் கோல் காவலர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பயிற்றுநரின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதே குழு தங்கப் பதக்கம் வென்றது.

அந்தப் பயிற்றுநர் சையத் அப்துல் ரஹீம். 2024-இல் வெளிவந்த 'மைதான்' இந்தித் திரைப்படம் பார்த்தவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும்.

1909-இல் ஹைதராபாத்தில் பிறந்த ரஹீம், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுப் பள்ளி ஆசிரியரானார். பின்னர் உடற்கல்வியும் பயின்றார். 1950-இல் ஹைதராபாத் நகரப் போலீஸ் குழுவுக்குப் பயிற்றுநரானார். அந்தக் குழு 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. ஆட்டக்காரர்கள் அவரை 'ரஹீம் சாஹிப்' என்றே அழைத்தனர்.

அவரது பயிற்சியில் வகுப்பறையின் சாயல் இருந்தது. பலவீனமான காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்ற விதியோடு இளையோருக்குப் போட்டிகள் நடத்தினார். பந்தைத் தானே கொண்டு ஓடாமல் சக ஆட்டக்காரருக்கு உடனே தள்ள வேண்டும் என்ற விதியோடும் போட்டிகள் வைத்தார். ஒருவரின் குறையைக் கண்டால் அவரை ஒதுக்காமல், அந்தக் குறை தீரும்படி ஆட்டத்தையே மாற்றி அமைத்தார்.

தேசியக் குழுவிலும் அதே வழிதான். 1951 டில்லி ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றது. மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 என நொறுங்கியது. பலர் வெறுங்காலோடு ஆடிய காலம் அது. அந்த அடியிலிருந்து அவர் குழுவை மீண்டும் கட்டினார். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என வீழ்த்தி இந்தியா நான்காம் இடம் பிடித்தது. ஒலிம்பிக் காற்பந்து அரையிறுதிக்கு முன்னேறிய முதல் ஆசிய நாடு அதுவே.

மீண்டும் ஜகார்த்தாவுக்கு வருவோம். தலையில் தையலோடு இருந்த ஜர்னைல் சிங்கை ரஹீம் வெளியே உட்கார வைக்கவில்லை. தாக்குதல் வரிசைக்கு மாற்றினார். அரையிறுதியிலும் இறுதியாட்டத்திலும் அவர் கோல் அடித்தார். காய்ச்சலிலிருந்து எழுந்த நெடிய உருவக் கோல் காவலர் பீட்டர் தங்கராஜை இறுதியாட்டத்தில் நம்பிக் களமிறக்கினார். தனக்கு ஒரு பரிசு வேண்டும், அது தங்கமாக இருக்கட்டும் என்று ஆட்டத்திற்கு முன் அவர் கேட்டதை ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர்.

செப்டம்பர் 4. செனாயான் அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. பி.கே.பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் அடித்த கோல்களால் அதே தென்கொரியாவை இந்தியா 2-1 என வென்றது.

1963 ஜூன் 11-ஆம் தேதி ரஹீம் காலமானார். அதன் பிறகு ஆசிய விளையாட்டுக் காற்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைக்கவே இல்லை.

நம் தோட்டத்துத் திடல்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் மாலை வேளையில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கும் ஆசிரியர்களும் அண்ணன்மார்களும் இன்றும் உண்டு. கிண்ணம் வாங்கித் தரக்கூடிய நான்கு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கோட்டுக்கு வெளியே நிறுத்துவது சுலபம். இடது காலால் உதைக்கத் தெரியாத பையனுக்காக ஒரு போட்டியே நடத்தியவர் ரஹீம் சாஹிப். இன்று மாலை திடலுக்குப் போகிறவர்கள் அந்தப் பையன் எங்கே நிற்கிறான் என்று ஒருமுறை பார்த்தால் போதும்.